வார்ஹோல் அச்சடித்தால் கலை, மவுண்ட் ரோட்டில் வரைந்தால் விளம்பரமா?

எழும்பூர்_தூரிகை:

எல்லோருக்கும் வணக்கம். ஓவியக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கலை வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும். தலைப்பு 'கலையும் பிரபலங்களும்'. போன வாரம் வகுப்பில் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் செய்த ஹாலிவுட் நடிகை மெரிலின் மன்றோ படங்களைப் போட்டுக் காட்டினார்கள். அதில் ஒன்று, நாற்பது அங்குலச் சதுரம், 1964இல் செய்தது, 2022 மே மாதம் நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 19.5 கோடி டாலருக்குப் போயிருக்கிறது. அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 1,500 கோடி ரூபாய். 20ஆம் நூற்றாண்டுப் படைப்பு எதுவும் அதுவரை ஏலத்தில் அந்த விலைக்குப் போனதில்லையாம்.

வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் எனக்கு வந்த சந்தேகம் இதுதான். மெரிலின் முகத்தை வார்ஹோல் நேரில் பார்த்து வரையவில்லை. சினிமா கம்பெனி விளம்பரத்துக்குக் கொடுத்த ஒரு ஸ்டில்லை எடுத்து, பட்டுத்திரை அச்சில் (ஸ்கிரீன் பிரிண்டிங்) ஏற்றி, மேலே கலர் கொடுத்தார். சரி, அதே 60களில் நம்ம மவுண்ட் ரோட்டில் சாந்தி தியேட்டருக்கும் சபையருக்கும் பேனர் வரைந்தவர்கள் என்ன செய்தார்கள்? அவர்கள் கைக்கும் ஒரு விளம்பர ஸ்டில்தான் வந்தது. அதை நாற்பது அடி உயரத்துக்குப் பெரிதாக்கி, இல்லாத கலரையெல்லாம் கொடுத்து, தெருவே நின்று பார்க்கும்படி செய்தார்கள். சொல்லப்போனால் கையால் வரைந்தவர்கள் இவர்கள்தான். வார்ஹோல் ஒரு முகம் வரைந்துவிட்டு உலகப் புகழ். இவர்கள் பெயரைக் கேட்டால் எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை, பாடம் எடுத்தவர் உட்பட.

இதில் கலை எங்கே இருக்கிறது? முகத்திலா, வரைந்த கையிலா, கையெழுத்திலா? 'அது வேறு இது வேறு' என்று ஒரு வரியில் முடிக்காமல், தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பால்கனி_டிக்கெட்:

தம்பி, இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம். என் அப்பா பேனர் ஆர்ட்டிஸ்ட். சைதாப்பேட்டை பக்கம் ஒரு கம்பெனியில் சின்ன வயதிலேயே சேர்ந்து, ஃப்ளெக்ஸ் வந்து எல்லாம் ஓயும்வரை அதே வேலைதான். அதனால் தொழில் எப்படி நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏதோ ஒரு தனி ஓவியர் ஏணியில் ஏறி நின்று எம்ஜிஆரை வரைந்ததுபோல எழுதுகிறார்கள். அப்படிக் கிடையாது.

ஸ்டில் வந்ததும் அதன்மேல் பென்சிலால் கட்டம் போடுவார்கள். அந்தப் பக்கம் மரச்சட்டத்தில் காடா துணியை இழுத்துக் கட்டி, வஜ்ரப் பசையும் வெள்ளையும் கலந்து பூசிக் காயவைத்திருப்பார்கள். அதில் பெரிய கட்டம். சின்னக் கட்டத்தில் இருப்பது பெரிய கட்டத்துக்குப் போகும். பிற்பாடு ப்ரொஜெக்டர் வைத்து ராத்திரியில் துணிமேல் நிழலடித்துக் கோடு போடுகிற பழக்கமும் வந்தது. பொடி வண்ணத்தை லின்சீட் ஆயிலில் குழைத்துக்கொள்வார்கள். உடுப்பு, பின்னணி எல்லாம் பசங்க வேலை. எழுத்துக்கு என்று தனி ஆள். முகம் மட்டும் மாஸ்டர் கை வைப்பார், வேறு யாரும் தொட முடியாது.

நான் சின்னப் பையனாக அங்கே போனபோது பார்த்ததில் மறக்காதது ஒன்று. ஒரு முகம் ஒரே துணியில் அடங்காது. நாலைந்து சட்டங்களாகப் பிரித்து வரைவார்கள். ஷெட்டில் இடமில்லாததால் ஒரு கண் இந்தச் சுவரில் சாய்ந்திருக்கும், மூக்கும் பாதி மீசையும் இன்னொரு மூலையில் கிடக்கும். அந்தக் கண் எங்கள் வீட்டுக் கதவைவிடப் பெரிது. கிட்டப் போய்ப் பார்த்தால் கண்ணே இல்லை, பச்சையும் ஊதாவும் ஆரஞ்சும் கத்தியால் அப்பிய திட்டு. நிழல் விழுகிற கன்னத்தில் பச்சை ஏன் அடிக்கிறீர்கள் என்று மாஸ்டரைக் கேட்டேன். 'எதிர்ப் பக்கம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவனுக்குத்தான் இது, உனக்கில்லை' என்றார். வியாழக்கிழமை ராத்திரி சவுக்குக் கம்பு சாரத்தில் சட்டங்களை ஏற்றிப் பூட்டும்போதுதான் முகமே சேரும். மாஸ்டர் எதிர் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, உதட்டுக்கு இன்னும் கொஞ்சம் சிவப்பு வை என்று கத்துவார். விடிந்தால் வெள்ளி, முதல் காட்சி.

படம் தூக்கினால் பேனர் இறங்கும். துணிமேல் வெள்ளை அடித்து அடுத்த படத்துக்கு ரெடி. நாலைந்து கதாநாயகர்கள் ஒரே துணியில் ஒருவர்மேல் ஒருவராகப் புதைந்திருப்பார்கள். அதனால்தான் இன்றைக்குக் காட்டுவதற்கு எதுவும் இல்லை. உங்கள் வார்ஹோல் படத்தை யாரோ அறுபது வருஷம் ஏசி போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள் அல்லவா, 1,500 கோடியில் அதற்கும் ஒரு பங்கு இருக்கும்.

இன்னொன்று. அப்பாவுக்குத் தான் ஒரு கலைஞன் என்பதில் சந்தேகமே இருந்ததில்லை. உங்கள் வகுப்பில்தான் சந்தேகம்.

மங்கிய_அச்சு:

பால்கனி ஐயா எழுதியதைப் படித்து ரசித்தேன். ஆனாலும் வார்ஹோலுக்காகக் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 'அவனும் ஸ்டில்லைத்தான் எடுத்தான்' என்பது பாதி உண்மைதான்.

அந்த ஸ்டில் 1953இல் வந்த 'நயாகரா' படத்துக்காக எடுக்கப்பட்டது. மார்புவரை தெரிகிற படம். அதை வார்ஹோல் கழுத்தோடு வெட்டிவிட்டார். மெரிலின் இறந்தது 1962 ஆகஸ்டில். வார்ஹோல் இந்த வேலையைத் தொடங்கியது அந்தச் செய்தி வந்த கையோடு. இதைக் கவனியுங்கள். பேனர் என்பது வெள்ளிக்கிழமை டிக்கெட் விற்க. இங்கே விற்க டிக்கெட் இல்லை, ஆளே இல்லை. அந்த ஆண்டே செய்த இரட்டைப் பலகை ஒன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மொத்தம் ஐம்பது முகம். இடப்பக்கம் இருபத்தைந்து கலரில், மஞ்சள் முடி, நீல இமை, உதட்டை விட்டு வெளியே வழிகிற சிவப்பு. வலப்பக்கம் இருபத்தைந்து வெறும் கறுப்பு வெள்ளை. ஒரு வரிசையில் மை அதிகமாகி முகம் கறுத்துப் போயிருக்கும், ஓரத்துக்குப் போகப் போக மை தீர்ந்து ஆவிபோல வெளுத்துவிடும். ஒரு முகத்தை ஊரெல்லாம் ஒட்டி ஒட்டித் தேய்த்தால் கடைசியில் என்ன மிஞ்சும் என்பதை, ஒரு வார்த்தை எழுதாமல் காட்டிவிடுகிறார். மவுண்ட் ரோடு பேனர் எதுவும் தன் கதாநாயகனை அப்படி மங்கவிடாது. விட்டால் அடுத்த ஆர்டர் வராது.

இன்னொரு படத்தில் பெரிய தங்க நிறப் பரப்பின் நடுவில் சின்னதாக ஒரு மெரிலின் முகம். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருப்பது. வார்ஹோலின் பெற்றோர் இன்றைய சுலோவாக்கியாவிலிருந்து பிட்ஸ்பர்க்குக்குப் பிழைக்க வந்தவர்கள், கீழைத் திருச்சபை மரபைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். அவர்கள் கோயிலில் புனிதர்களின் முகங்கள் தங்கப் பின்னணியில்தான் வரிசையாக இருக்கும். நம்மூரில் தஞ்சாவூர் ஓவியத்தில் கிருஷ்ணரைச் சுற்றித் தங்க ரேக்கு ஒட்டுவதுபோல. சாமி படம் வைக்கிற இடத்தில் நடிகையை வைக்கிறார் என்று பார்த்தால் அது வேறு விஷயமாகிவிடும்.

சரி, தூரிகைத் தம்பிக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வார்ஹோல் வந்ததே விளம்பரத் தொழிலிலிருந்துதான். 50களில் நியூயார்க்கில் செருப்புக் கடை விளம்பரங்களுக்குப் படம் போட்டுச் சம்பாதித்தவர். பட்டுத்திரையை இழுத்து அச்சடித்ததில் பாதி வேலை உதவியாளர் ஜெரார்டு மலாங்காவினுடையது. தன் பட்டறைக்கே 'ஃபேக்டரி' என்று பெயர். 70களில் வந்ததெல்லாம் அப்பட்டமான வியாபாரம். 25,000 டாலர் கட்டினால் நாற்பது அங்குலச் சதுரத்தில் உங்கள் முகமும் மெரிலின் முகம்போல வரும். பணக்காரர்கள், ஈரான் அரசி, பாடகர்கள் என்று வரிசையில் நின்றார்கள். அந்தக் காலகட்டத்துக்கும் பேனர் கம்பெனிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஆர்டர் கொடுத்தவர் அழகாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கறுப்பு_அங்கி:

நீங்கள் எல்லோரும் வரைந்தவரையும் வரையப்பட்டவரையும் பற்றியே பேசுகிறீர்கள். அந்த ஸ்டில்லை எடுத்தவர் எங்கே போனார்? வக்கீல் என்பதால் எனக்கு முதலில் அவர்தான் கண்ணில் படுகிறார்.

இதே கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது, தம்பி கட்டுரையில் கட்டாயம் சேர்க்க வேண்டியது. லின் கோல்ட்ஸ்மித் என்ற புகைப்படக் கலைஞர் 1981இல் பாடகர் பிரின்ஸைப் படம் எடுத்தார். 1984இல் 'வேனிட்டி ஃபேர்' பத்திரிகை அந்தப் படத்தை ஓவியருக்கு மாதிரியாகக் கொடுக்க 400 டாலர் தந்து ஒரே ஒரு தடவைக்கு அனுமதி வாங்கியது. அந்த ஓவியர் வார்ஹோல். அவர் ஒன்று செய்து கொடுத்ததோடு நிற்கவில்லை, அதே படத்தை வைத்து மொத்தம் 16 செய்துவிட்டார். கோல்ட்ஸ்மித்துக்கு இது தெரியவே தெரியாது. 2016இல் பிரின்ஸ் இறந்தபோது அந்தப் பத்திரிகை நிறுவனம் ஒரு சிறப்பிதழ் போட்டு, அட்டையில் வார்ஹோலின் ஆரஞ்சு நிற பிரின்ஸை வைத்தது. வார்ஹோல் அறக்கட்டளைக்கு 10,000 டாலர். புகைப்படம் எடுத்தவருக்குப் பணமும் இல்லை, பெயரும் இல்லை. அட்டையைப் பார்த்தபிறகுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது.

2023 மே மாதம் தீர்ப்பு. ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் கோல்ட்ஸ்மித் பக்கம். வார்ஹோல் படம் கலையா இல்லையா என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவில்லை, அதைப் பலரும் தப்பாக எழுதுகிறார்கள். இரண்டு படங்களும் ஒரே வேலைக்கு, அதாவது பிரின்ஸைப் பற்றிய பத்திரிகைக்குப் படம் கொடுக்கும் வேலைக்கு, விலைபோகின்றன, அந்த இடத்தில் முதல் படத்துக்காரருக்கு உரிமை உண்டு என்றுதான் சொன்னது. எதிர்த்து எழுதிய நீதிபதி எலினா கேகன், வார்ஹோல் செய்த மாற்றத்தின் மதிப்பே உங்களுக்குப் புரியவில்லை என்கிற தொனியில் காரமாக எழுதியிருக்கிறார். இரண்டையும் படித்துப் பாருங்கள், சட்டம் தெரியாதவர்களுக்கும் சுவாரசியமாக இருக்கும்.

நம்மூருக்கு வந்தால் இன்னொரு உரிமையும் சேர்கிறது, முகத்துக்குச் சொந்தக்காரரின் உரிமை. 2015இல் ரஜினிகாந்த் தன் பெயரையும் பாணியையும் அனுமதி இல்லாமல் ஒரு இந்திப் படத்தில் பயன்படுத்துகிறார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கினார். படத்தின் தலைப்பிலேயே அவர் பெயர் இருந்தது, பிறகு மாற்றினார்கள். ஆக, முகத்துக்கு உரிமை இருக்கிறது, புகைப்படத்துக்கு உரிமை இருக்கிறது. பேனர் வரைந்தவர் தினக்கூலி வாங்கியதோடு சரி. படம் தயாரிப்பாளர் சொத்து, துணி கம்பெனி சொத்து.

எழும்பூர்_தூரிகை:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கட்டம், சட்டம், வியாழக்கிழமை ராத்திரி எல்லாம் எனக்குப் புதிது, கட்டுரையில் எடுத்துக்கொள்கிறேன் அண்ணா. மங்கிய அச்சு சொன்ன வலப்பக்க முகங்களை வகுப்பில் நாங்கள் சரியாகவே பார்க்கவில்லை, கலர் பக்கத்தைக் காட்டிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பேனர் விற்பதற்கு, வார்ஹோல் யோசிக்கவைப்பதற்கு என்று பிரித்தால், யோசிக்கவைத்ததாகச் சொல்லப்படுகிற படம்தானே கடைசியில் அதிக விலைக்கு விற்றது? அதை வாங்கியவர் மங்கிப்போகும் புகழைப் பற்றி யோசித்தா பணம் கொடுத்திருப்பார்?

மதுரைக்காரி:

தம்பி கடைசியாகக் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏலத்தில் கை தூக்குகிறவர்கள் உலகம் எனக்குத் தெரியாது. ஆனால் பேனரைப் பற்றி இங்கே எல்லோரும் ரொம்ப உருகுகிறீர்கள், அதில்தான் எனக்கு முரண்பாடு.

பேனர் வெறும் ஓவியமாக என்றைக்கும் தெருவில் நின்றதில்லை. யார் முகம் பெரிது, யார் முகம் இடப்பக்கம், கதாநாயகி எத்தனை அடி, வில்லன் எங்கே என்பதெல்லாம் ஓவியர் முடிவா? மார்க்கெட் முடிவு. தங்கள் தலைவர் முகம் சின்னதாகிவிட்டது என்று ரசிகர்கள் தியேட்டர் மேனேஜரிடம் சண்டைக்குப் போன ஊர் எங்கள் ஊர். எம்ஜிஆர் போஸ்டரில் சிவாஜி ஆட்கள் சாணி அடிப்பதும், சிவாஜி போஸ்டரில் எம்ஜிஆர் ஆட்கள் சாணி அடிப்பதும் இங்கே சாதாரணம். சாணி அடித்தவன் ஓவியத்தைப் பார்த்து அடிக்கவில்லை. ஜிகினா ஒட்டிய கட்டவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்தவனும் அப்படித்தான். முகம் அவ்வளவு பெரிதாக எழுந்து நிற்கும்போது அதன் பின்னால் இருக்கும் கை யாருக்குத் தெரியப்போகிறது? தெரிந்தால் அந்த மாயமே போய்விடும். எம்ஜிஆருக்குச் சுருக்கம் வரைய முடியுமா? எழுபது வயதிலும் ரோஜாக் கன்னம்தான். போனில் இப்போது போடுகிற ஃபில்டர் வேலையை அன்றைக்கு இவர்கள் தூரிகையால் செய்தார்கள் என்று சொன்னால் பால்கனி அண்ணன் கோபித்துக்கொள்ளக்கூடாது.

பிரபலத்தின் முகம் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு வார்ஹோல்வரை போக வேண்டாம். 1967 ஜனவரியில் எம்.ஆர். ராதா சுட்டதில் எம்ஜிஆர் கழுத்தில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்தக் கட்டுப் போட்ட படத்தைப் போஸ்டராக்கித் தமிழ்நாடு முழுக்க ஒட்டினார்கள். அடுத்த மாதம் தேர்தல். தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது, அவரும் பரங்கிமலையில் பிரசாரத்துக்கே போகாமல் ஜெயித்தார். அந்த ஒரு படத்தால்தான் ஜெயித்தார்கள் என்று சொல்ல மாட்டேன், அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் பெரிய காரணம். ஆனாலும் ஒரு புகைப்படம் அப்படிச் சுவர்களை நிறைத்து அதற்கு முன்பு யாரும் பார்த்ததில்லை. பிறகு 1995இல் தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்குப் போனவர்களைக் கேளுங்கள், கோபுரத்தைவிட ஜெயலலிதா கட்டவுட்தான் ஞாபகம் இருக்கும். அதையும் வரைந்தது இதே கலைஞர்கள்தான். அதிகாரத்துக்குச் சேவகம் செய்த கலை என்று அதையும் எழுத வேண்டாமா?

அப்புறம் ஃப்ளெக்ஸ். அது வந்து கலையை அழித்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அதில்தான் உண்மையான கூத்து ஆரம்பித்தது. கையால் வரைந்த காலத்தில் நடிகரும் தலைவரும் மட்டும்தான் அந்த அளவுக்குப் பெரிதாக முடியும், செலவு அப்படி. ஃப்ளெக்ஸ் விலை குறையக் குறைய, எங்கள் தெரு முக்கில் காது குத்துக்கு, பூப்புனித நீராட்டுக்கு, கண்ணீர் அஞ்சலிக்கு, எல்லாவற்றுக்கும் முகம். மேலே நடிகர், நடுவில் மாப்பிள்ளை, கீழே 'இவண்' என்று போட்டு இருபது பாஸ்போர்ட் சைஸ் முகங்கள், அத்தனை பேருக்கும் கூலிங் கிளாஸ். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் தன் கல்யாண ஃப்ளெக்ஸில் தன்னை எவ்வளவு வெளுப்பாக்கினான் என்றால், அவன் அம்மாவே யாருடா இது என்றார்கள். 25,000 டாலர் கட்டி வார்ஹோலிடம் போனவர்களுக்கும் இவனுக்கும் ஆசை ஒன்றுதானே. அதில் செத்தவர்களும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் கட்சிக்காரர் வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன ஒரு இளம்பெண் கீழே விழுந்து, பின்னால் வந்த லாரி ஏறி இறந்தார். அதற்குப் பிறகுதான் நடிகர்களே எங்களுக்கு பேனர் வைக்காதீர்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்கள்.

ஏலம்_ஒருதரம்:

தம்பி கேட்ட விலைக் கேள்விக்கு வருகிறேன். கலைச் சந்தையில் கொஞ்சம் காலம் குமாஸ்தா வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அங்கே முதலில் கேட்கப்படுவது 'யாருடையது' என்பதுதான். 'என்ன' என்பது அப்புறம்.

பேனர் வரைந்தவர் யாருமே பெரிய ஆள் ஆகவில்லை என்று யாராவது சொல்லும் முன் ஒரு பெயரை வைத்துவிடுகிறேன். எம்.எஃப். ஹுசைன். பம்பாயில் சினிமா ஹோர்டிங் வரைந்து வயிறு கழுவியவர். அவர் 1954இல் வரைந்த 'கிராம யாத்திரை' 2025 மார்ச்சில் நியூயார்க் கிறிஸ்டிஸில் 118 கோடி ரூபாய்க்குப் போனது. நவீன இந்திய ஓவியத்தில் அதுவரை ஏலத்தில் யாரும் தொடாத தொகை. கை ஒன்றுதான், ஹோர்டிங் வரைந்த கையும் அதுதான். ஆனால் அவர் ஹோர்டிங் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்.

ஹுசைன் நல்ல ஓவியர் என்பதில் சந்தேகமில்லை, அதோடு தன்னையே ஒரு பேனராக்கிக்கொள்ளத் தெரிந்தவர். செருப்பில்லாத கால், வெள்ளைத் தாடி, கையில் தடிபோல நீளமான தூரிகை. தூரத்தில் வந்தாலே தெரியும். மாதுரி தீட்சித் மேல் பித்தாகி வரிசையாக வரைந்தார், அவரை வைத்து 2000இல் 'கஜ காமினி' என்று படமே எடுத்தார். ஓவியர் நடிகையை வரைவது புதிதல்ல. இங்கே ஓவியரும் நடிகையும் பத்திரிகையில் சம அளவுக்குப் படமாக வந்தார்கள், அதுதான் புதிது. அதே புகழ்தான் அவரைத் துரத்தவும் செய்தது. தெய்வங்களை வரைந்ததற்கு வழக்குமேல் வழக்கு, கடைசியில் கத்தார் குடியுரிமை வாங்கி, 2011இல் லண்டனில் இறந்தார். பெயர் தெரியாத ஓவியர்மேல் யாரும் அப்படி வழக்குப் போட மாட்டார்கள்.

முகமே காட்டாமலும் பிரபலமாகலாம் என்பதற்கு, தெருச்சுவர்களில் வரைகிற இங்கிலாந்து ஓவியர் பேங்க்ஸி. 2018 அக்டோபரில் லண்டன் சதபீஸ் ஏலத்தில் பலூன் சிறுமி படம் பத்து லட்சத்துச் சொச்சம் பவுண்டுக்கு முடிந்து சுத்தியல் விழுந்த அடுத்த நொடி, சட்டத்துக்குள் ஒளித்துவைத்திருந்த இயந்திரம் படத்தைக் கீழ்ப்பக்கமாகக் கீற்றுக் கீற்றாக அறுத்துத் தள்ளியது. பாதியில் நின்றுவிட்டது. சந்தையைக் கேலி செய்தார் என்றார்கள். அந்தப் பாதி கிழிந்த படம் 2021இல் 1.85 கோடி பவுண்டுக்கு மேல் போனது. கேலியும் சேர்ந்து விற்றுவிட்டது. 2024 நவம்பரில் சுவரில் டேப் போட்டு ஒட்டிய வாழைப்பழம், இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கத்தெலானுடையது, 62 லட்சம் டாலர். வாங்கிய கிரிப்டோ பணக்காரர் கேமரா முன்னால் அதை உரித்துத் தின்றார். நான் பார்த்தவரையில் அவர் வாங்கியது பழமும் இல்லை, கலையும் இல்லை. தன் பெயர் மறுநாள் பேப்பரில் வருவதை வாங்கினார், வந்தது.

மவுண்ட் ரோட்டு ஓவியர்களும் பெயர் தெரியாதவர்கள்தான், பேங்க்ஸியும் பெயர் தெரியாதவர்தான். ஒன்று யாரும் கேட்காததால் தெரியாமல் போனது, மற்றது எல்லோரும் கேட்க வேண்டும் என்பதற்காகவே மறைக்கப்பட்டது.

பால்கனி_டிக்கெட்:

மதுரைக்கார அக்கா, கோபமெல்லாம் இல்லை. ஃபில்டர் என்று சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். 'எம்ஜிஆருக்கு ரோஸ் அடிக்காமல் என்ன அடிக்கச் சொல்கிறாள் அந்தப் பெண்' என்றார். தலைவர் படத்தில் நிறம் கொஞ்சம் இறங்கினால் அடுத்த நாள் காலையிலேயே கம்பெனி வாசலில் ஆள் நிற்குமாம். சிவாஜி வரைவது சுகம், முகத்தில் என்ன கோணல் இருந்தாலும் அது நடிப்புக்காக என்று விட்டுவிடுவார்கள், கமல் படத்துக்கு வேஷம் மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு தடவையும் புது ஆளை வரைவதுபோல இருக்கும் என்றெல்லாம் ஒரு மணி நேரம் பேசினார். கட்சி வேலைதான் காசு ஒழுங்காக வந்த வேலை என்பதையும் ஒப்புக்கொள்கிறார். சினிமாக்காரர்கள் பாக்கி வைப்பார்கள், படம் ஓடாவிட்டால் அவ்வளவுதான்.

ஏலம் சார் சொன்னதில் ஒரு திருத்தம். இங்கே ஓவியர்களுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. பேனர் மூலையில் கம்பெனி பெயர் இருக்கும், மோகன் ஆர்ட்ஸ் மாதிரி. அது என்ன கம்பெனி வேலை என்பதை மூலையைப் பார்க்காமலே, கத்தி போகிற போக்கை வைத்துச் சொல்கிற ஆட்கள் இருந்தார்கள். கே. மாதவன் காலண்டரும் பேனரும் வரைந்த காலத்தில் அவர் பெயர் தெரியாத சினிமாக் கம்பெனி கிடையாது. கோவையில் ஓவியர் ஜீவா பேனர் வரைந்து வளர்ந்து, பிறகு எழுத்தாளர்கள் முகங்களை வரைந்து பெயரெடுத்தவர்தான். மவுண்ட் ரோட்டில் புது பேனர் ஏறினால் மற்ற கம்பெனி ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாக வந்து எதிரில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த வட்டத்துக்குள் இவர்களும் ஸ்டார்தான். அந்த வட்டத்துக்கு வெளியே எழுதிவைக்க ஆள் வரவில்லை. நம்ம எழும்பூர் ஓவியக் கல்லூரி 1850லிருந்து இருக்கிறது, அங்கிருந்து மவுண்ட் ரோடு எவ்வளவு தூரம்? நடந்தே வரலாம்.

தம்பி, கட்டுரைக்கு யோசனை சொல்கிறேன். வார்ஹோலுக்கு இரண்டு பக்கம் போதும், அதைத்தான் எல்லோரும் எழுதுவார்கள். அந்த ஸ்டில், கோல்ட்ஸ்மித் வழக்கு, வலப்பக்க முகங்கள், அவ்வளவு. மீதிக்கு இங்கே வாருங்கள். அப்பாவோடு வேலை பார்த்தவர்களில் ஒருவர் சினிமா செட்டுக்குப் பின்னணி வரைகிறார், ஒருவர் செத்தவர்களின் போட்டோவைப் பார்த்து வீட்டுக்கு மாட்டுகிற படம் வரைந்து கொடுக்கிறார், லெட்டரிங் போட்டவர் இப்போது மளிகைக் கடை வைத்திருக்கிறார். மூன்று பேரையும் உட்காரவைத்து யார் யார் எந்தப் பேனரில் எந்த முகத்தை வரைந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். சண்டை வரும், ஒரே முகத்துக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுவார்கள், அதையும் அப்படியே எழுதுங்கள். விவரம் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளும் சாயங்காலம் வரலாம். போகும்போது கையில் ஒரு பழைய ஸ்டில் பிரிண்ட் எடுத்துப் போனால் கட்டம் போட்டே காட்டுவார்கள். 'அழிந்துவரும் கலை' என்று மட்டும் அவர்கள் எதிரில் சொல்லிவிடாதீர்கள், மளிகைக் கடைக்காரர் நன்றாகத் திட்டுவார்.